செல்போனில் பேசிய எருமை

அத்தியாயம் 6

செல்போன் அடித்தது.

ஆரோக்கியமேரி எடுக்கவில்லை. கட்டிலில் கிடந்து அது அதிர்ந்துகொண்டே இருந்தது. திரையில் தெரிந்த எண் அவள் புருஷன் சின்னதுரையுடையது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். ஷிஃப்டுக்குப் போகிறேன் என்று ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறியவன் ஒரு வாரமாக வீடு திரும்பவில்லை. ஆள் வரவில்லை, போன் மட்டும் தினம் வருகிறது.

"எடும்மா. ஸ்பீக்கர்ல போடு," என்றாள் மெஹர்னிசா.

ஸ்டீபன் சுவரோடு ஒட்டி நின்றான். துப்பறியும் மெஹர்னிசாவின் ஒரே உதவியாளன். திருவள்ளூர் பஜாரில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அவர்கள் ஆபீசில் டீ வாங்குவதிலிருந்து ஆளைப் பின்தொடர்வது வரை சகலமும் அவன்தான். வாய் கொஞ்சம் நீளம். பயம் வந்துவிட்டால் அது இன்னும் இரண்டு முழம் நீளும்.

மேரி பொத்தானை அழுத்தினாள்.

"மேரிக்கண்ணூ... தேடாத மேரிக்கண்ணூ..."

ஸ்டீபனுக்கு முதுகுத்தண்டில் ஐஸ் கட்டியை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. அந்தக் குரலைத் தெரியாத குழந்தை அந்த வருஷம் தமிழ்நாட்டில் கிடையாது. ‘எருமை எக்ஸ்பிரஸ்’ என்ற பொம்மைப் படத்தின் கதாநாயகன், மண்டையப்பன் என்கிற எருமை. 2008 கோடை விடுமுறையில் வந்து, பள்ளிக்கூடம் திறந்த பிறகும் தியேட்டரை விட்டு நகராத படம். மண்டையப்பன் வாயைத் திறந்தாலே தியேட்டர் கொல்லென்று சிரிக்கும். ஸ்டீபனே மூன்று தடவை பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன். இப்போது சிரிப்பு வரவில்லை.

"போலீசு கீலீசுன்னு போவாத. நான் நல்லாத்தான் கீறேன். நீ தேட ஆரம்பிச்சன்னா நல்லா இருக்க மாட்டேன். ஹெஹ்ஹே..."

"இன்னாங்க! எங்கங்க கீறீங்க? ஊட்டுக்கு வாங்களேன்!"

"அதெல்லாம் உடு. நான் யாரு? சொல்லு பாப்போம்."

மேரி நிமிர்ந்தாள். மெஹர்னிசாவைப் பார்த்தாள், சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள்.

"சொல்லு மேரி. மண்டையப்பன் குரல்ல வேற எவன் பேசுவான்? நான் யாரு?"

"நீங்கதான்," என்றாள் மேரி, அழுகையோடு. "நீங்கதாங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

விஷயம் இதுதான். பொம்மைப் படத்தில் முதலில் குரல், அப்புறம்தான் பொம்மை. குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் வாயசைப்பை வரைவார்கள். அதற்காக யாரையாவது சல்லிசாகப் பிடித்துவந்து பேசவைப்பார்கள். அதற்கு ட்ராக் என்று பெயர். படம் முடிந்ததும் பெரிய நடிகர் வந்து அதன் மேல் பேசுவார், ட்ராக் குப்பைக்குப் போகும். கோயில் திருவிழாவிலும் மாதா கோயில் கொடியேற்றத்திலும் மிமிக்ரி செய்து கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த சின்னதுரை, மண்டையப்பனுக்கு ட்ராக் பேசினான். பெரிய நடிகர் வந்தார், தொண்டை கட்டும்வரை பேசினார், எருமையின் வாய்க்கு அவர் குரல் உட்காரவே இல்லை. கடைசியில் ட்ராக்கையே வைத்துப் படத்தை விட்டுவிட்டார்கள். போஸ்டரில் மட்டும் நடிகரின் பெயர்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடவும் அந்த நடிகரே மனசு கேட்காமல் ஒரு பேட்டியில், "அது என் குரல் இல்லீங்க," என்று போட்டு உடைத்துவிட்டார். யார் அந்தக் குரல் என்று ஊரே கேட்க, வருகிற ஞாயிற்றுக்கிழமை வெற்றி விழா மேடையில் அந்த ஆளைக் காட்டுகிறோம் என்று படக் கம்பெனி அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்த மறுநாள் சின்னதுரை காணாமல் போனான்.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரைக் கேட்டுக்கொண்டவர், "உன் புருஷன் குரல்தானேம்மா? அவனேதான் போன் பண்றான். எங்கியோ ஜாலியா சுத்திக்கினு கீறான்," என்று சொல்லி, செல்போன் டவர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் காட்டுகிறது என்பதோடு முடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் மேரி மெஹர்னிசாவைத் தேடி வந்தாள்.

அரை மணி கழித்து, மேரி போட்டுக்கொடுத்த காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தபோது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. கையில் பன்னும் வாழைப்பழமுமாகப் பரசுராமன் உள்ளே வந்தான். சினிமாவுக்குக் குரல் கொடுக்க ஆள் பிடித்துத் தருகிற ஏஜெண்ட். சின்னதுரையை ட்ராக் பேசக் கூட்டிப்போனவனே அவன்தான். ஒரு வாரமாகக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறான்.

"போன் வந்துச்சா தங்கச்சி?"

"இப்பதான் வந்துச்சிண்ணே."

"குரலு அவனுதுதானா? நல்லா தெரிஞ்சுதா? நேத்திக்குப் போன் வந்தப்ப அழுதுக்கினே இருந்துட்டேன், ஒண்ணும் சொல்லலன்னு சொன்னியே."

"அவருதாண்ணே. அவருன்னே சொன்னேன்."

"அப்பாடா!" பரசுராமன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "சந்தேகம் ஒண்ணும் இல்லியே? போதும் தங்கச்சி. ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாம் சரியாப் பூடும். சாப்டு, பட்டினி கெடக்காத."

பன்னை வைத்துவிட்டு, அவசர வேலை என்று கிளம்பிப் போய்விட்டான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷன் என்று ஸ்டீபன் உருகினான். மெஹர்னிசா ஆறின காப்பியைக் குடித்து முடித்தாள்.

வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஸ்டீபன் பின்னால் தொற்றிக்கொண்டான்.

"ஸ்டீபா, அந்தப் போன்ல இன்னா கேட்டுச்சு?"

"எருமை கேட்டுச்சுக்கா."

"வேற?"

"என் பல்லு தந்தி அடிச்ச சத்தம்."

"வேற ஒண்ணுமே கேக்கல. அதாண்டா விஷயம்."

மெஹர்னிசா இந்தத் தொழிலுக்கு வருமுன் பழவேற்காட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவள். துபாயிலிருந்து பேசுகிறவன் ரூமுக்குள் இருக்கிறானா ரோட்டில் நிற்கிறானா என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

"சிப்காட் பக்கம் இருந்து பேசுறான். ராத்திரி பகல் மெஷினு, லாரி. ஒரு ஆரன் சத்தம் இல்ல. ஊட்டுக்குள்ள பேசுனாலும் செவுத்துல பட்டு கொஞ்சமாவது திரும்பி வரும். அதுவும் இல்ல. போர்வைக்குள்ள தலைய வுட்டுக்கினு பேசுற மாதிரி பொத்துனு கெடக்குது. சினிமாவுக்குக் குரல் குடுக்குற ரூமு மட்டும்தான் அப்படி இருக்கும்."

"சிப்காட்ல ஏதுக்கா சினிமா ரூமு?"

"இல்ல. அதான் எவனோ கட்டியிருக்கான். டப்பு, காசு இல்லாதவன் அந்த மாதிரி ரூம எப்டிக் கட்டுவான்?"

ஸ்டீபன் யோசித்தான். "எங்க சித்தப்பா பையன் பாட்டுக் கச்சேரி வெச்சிருந்தான்கா. ரிகர்சல் சத்தம் பக்கத்து ஊட்டுக்குப் போயி பேஜாரு ஆவக்கூடாதுன்னு செவுரு பூரா முட்ட அடுக்குற அட்டய ஒட்டி வெச்சிருப்பான். உள்ள போனா கோழிக்கு மாப்ள மாதிரி இருக்கும்."

ஸ்கூட்டி சர்ரென்று கும்மிடிப்பூண்டி பஜார் பக்கம் திரும்பியது.

முட்டை மண்டி ரஷீத் பாய்க்குப் பழவேற்காடுதான் பூர்வீகம். மெஹர்னிசாவின் அத்தாவோடு வியாபாரம் செய்தவர்.

"வாம்மா மெஹரு. நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு பாய். சமீபத்துல யாராவது முட்ட இல்லாம அட்ட மட்டும் வாங்குனாங்களா?"

ரஷீத் பாய் சிரித்தார். "எப்டிம்மா கரெக்டா கேக்குற? எல்லாரும் முட்டய எடுத்துக்கினு அட்டய வீசுவாங்க. ஒருத்தன் வந்து அட்டயக் காட்றான், முட்டயக் காட்டி வேணாங்குறான். காலி அட்ட கட்டுக் கட்டா அள்ளிக்கினான். பாவம், ஊமை."

"ஊமையா?"

"ஒரு வார்த்த பேசலையே. எல்லாம் கை ஜாடைதான். தலைல ஹெல்மெட்டு, அதையும் கழட்டல. அந்த மூடிக் கெடக்குதே தகர டப்பாக் கம்பெனி, அங்க கொண்டாந்து போடச் சொல்லி கோடு கிழிச்சுக் காட்டுனான். நம்ம வண்டிக்காரன் போய் போட்டான்."

மெஹர்னிசாவின் முகம் மாறியது. ஸ்டீபன் ராத்திரிக்கு ஆம்லெட் போடலாம் என்று ஒரு டஜன் முட்டையைப் பையில் வாங்கிக்கொண்டு ஓடிவருவதற்குள் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"மெதுவாக்கா! முட்ட!"

"ஊமையும் இல்ல ஒண்ணும் இல்லடா. வாயத் தொறந்தா இன்னார்னு பஜாரே கண்டுபுடிச்சிடும்னு பயந்துக்கினு இருந்தவன். குரல வெச்சுப் பொழைக்கிறவன்."

"மிமிக்ரி கோஷ்டில எவனாவதா?"

"பரசுராமன்."

ஸ்டீபன் வண்டியிலிருந்து விழாதது அதிசயம். "பன்னு வாங்கியாந்தாரேக்கா!"

"பன்னு வாங்கியாந்தான். இன்னா கேட்டான்? காணாம போனவன் போன் பண்ணியிருக்கான்னா நீ இன்னா கேப்ப?"

"எங்க கீறானாம், சாப்டானாமா, இன்னா சொன்னான்..."

"அதுல ஒண்ணாவது கேட்டானா? குரலு அவனுதுதானா, சந்தேகம் இல்லியேன்னு மட்டும் கேட்டான். மூணு தடவ கேட்டான்."

லாரி ஒன்று உரசுகிற மாதிரி கடந்து போனது. ஸ்டீபனுக்கு அது உறைக்கவே இல்லை.

"ட்ராக் பேசுறவன் மூஞ்சியை எவனும் பாக்க மாட்டான் ஸ்டீபா. இவன்தான் தன் ஊட்டு ரூமுல பேச வெச்சு, சிடி போட்டுக் கம்பெனிக்குக் குடுத்தான். மேரி சொன்னா. அப்போ கம்பெனிக்கு சின்னதுரைய அடையாளமே தெரியாது. ஞாயித்துக்கெழம மேடைல எவன் ஏறி அந்தக் குரல்ல பேசுறானோ அவன்தான் மண்டையப்பன். பேரு, புகழு, அடுத்த படம், எல்லாம் அவனுக்கு. ஆனா இவனுக்கு அந்தக் குரலு வராது. அதான் சின்னதுரையப் புடிச்சு அடைச்சு வெச்சு கத்துக்குறான்."

"அப்போ அந்த மெரட்டல் போனு?"

"மெரட்டலே இல்லடா அது. பரீட்சை. பொண்டாட்டி காதையே ஏமாத்திட்டா ஊர ஏமாத்துறது இன்னா பெரிய விஷயம்? அதான் நான் யாரு நான் யாருன்னு உசுர எடுத்தான்."

"மேரிக்கா நீங்கதான்னு சொல்லிடுச்சேக்கா."

"ஆமா. இன்னிக்கு பாஸ் போட்டுட்டா." மெஹர்னிசா ஆக்சிலேட்டரை முறுக்கினாள். "பாஸ் ஆனவனுக்கு இனிமே வாத்தியார் எதுக்கு?"

அதன் பிறகு ஸ்டீபன் ஜோக் அடிக்கவில்லை. அக்கா சொன்னபடி ஆரம்பாக்கத்தில் இருக்கும் தெரிந்த எஸ்.ஐ. தாவீதுக்குப் போன் போட்டான். மேரியை ஏற்றிக்கொண்டு வருவதாக அவர் சொன்னார். வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

தகர டப்பாக் கம்பெனியின் கேட் ஒருக்களித்துத் திறந்துகிடந்தது. உள்ளே புதருக்குள் அந்த மொபெட். அதன் மேல் ஹெல்மெட். ஸ்டீபன் கையில் இருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பொழுது சாய்கிற நேரம். ஷெட்டுக்குள் ஜன்னலெல்லாம் தார்ப்பாய் கட்டி இருட்டாக இருந்தது. துருவும் எலிப் புழுக்கையும் கலந்த நாற்றம். மெஹர்னிசாவின் டார்ச் வெளிச்சத்தில், மெஷின்களைப் பெயர்த்து விற்ற இடமெல்லாம் குழிகளாகத் தெரிந்தன. மழைத் தண்ணீர் தேங்கி, எண்ணெய் மிதந்து, ஆழம் தெரியாமல் கிடந்தன. சுற்றியுள்ள கம்பெனிகளின் இரைச்சல் கொஞ்சம் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து பேட்டைக்கு பவர் கட். எல்லா மெஷினும் ஒரேயடியாக நின்றன.

டக்கென்று எங்கிருந்தோ ஒரு கல் வந்து மெஹர்னிசாவின் கையில் பட்டது. டார்ச் உருண்டு குழிக்குள் விழுந்து அணைந்தது.

"அய்யோ அக்கா!"

"கத்தாத. நின்ன எடத்துல நில்லு."

இருட்டு. பிறகு வலது பக்கமிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. மண்டையப்பன் குரல் இல்லை, சாதாரண மனுஷக் குரல். மேரி போட்டுக் காட்டிய கல்யாண சிடியில் ஸ்டீபன் கேட்டிருந்த அதே சின்னதுரையின் குரல்.

"யாருங்க அது? என்னைக் காப்பாத்துங்க. கை கால கட்டிப் போட்டுட்டு ஓடிட்டான். இப்டி நேரா வாங்க. தண்ணி குடுங்க சாமி..."

ஸ்டீபனுக்கு நெஞ்சு உருகிவிட்டது. "தோ வரேண்ணே!" என்று ஒரு காலை எடுத்து வைத்தான்.

"ஸ்டீபா! நில்லு!" மெஹர்னிசா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் செருப்பு மட்டும் காலிலிருந்து கழன்று முன்னால் போனது. ‘ப்ளக்’ என்று தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

"அந்தக் குரலு தகரத்துல மோதித் திரும்பி வருது, கேட்டியா?" என்று அவன் காதோரம் கிசுகிசுத்தாள். "சின்னதுரைய முட்ட அட்ட ரூமுலதான் அடைச்சு வெச்சிருப்பான். அங்க இருந்து பேசுனா பொத்துனு இருக்கும். இது அவன் இல்ல."

ஒரு அடி. இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் செருப்பு போன இடத்துக்கு ஸ்டீபனும் போயிருப்பான்.

குரல் மாறியது. இப்போது மண்டையப்பன்.

"மேரிக்கண்ணு அனுப்புன ஆளுங்களா... குழி ஆழம் பாக்க வந்தீங்களா... ஹெஹ்ஹே..."

ஷெட் முழுக்க அந்தச் சிரிப்பு சுற்றிச் சுற்றி வந்தது. தியேட்டரில் கேட்டபோது இதற்கா சிரித்தோம் என்று ஸ்டீபன் நினைத்தான். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. இரும்புத் தடி தரையில் உரசும் சத்தம் மட்டும் கிட்டே கிட்டே வந்தது.

மெஹர்னிசா தாவணித் துணிபோல் போட்டிருந்த துப்பட்டாவுக்குள் மறைத்துத் தன் செல்போனில் ஒரு எண்ணைத் தட்டினாள். சின்னதுரையின் எண்.

ஐந்தாறு அடி தூரத்தில், பரசுராமனின் சட்டைப் பையில், நீல வெளிச்சத்தோடு போன் அலறியது.

அந்த வெளிச்சத்தில் பரசுராமனின் முகம் தெரிந்தது. ஓங்கிய தடியும் தெரிந்தது. ஸ்டீபன் யோசித்தெல்லாம் செய்யவில்லை. பயத்தில் கையில் இருந்ததை அப்படியே வீசினான். ஒரு டஜன் முட்டையும் பையோடு போய் அவன் மூஞ்சியில் உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு பின்வாங்கிய பரசுராமன் கொழகொழவென்று வழிந்ததை மிதித்தான், வழுக்கினான், ஸ்டீபனுக்காக வைத்திருந்த குழிக்குள் மல்லாந்து விழுந்தான்.

"அய்யய்யோ! நீச்சல் தெரியாது! தூக்குங்க, தூக்குங்க!"

அந்த ஷெட்டுக்குள் முதல் தடவையாக அவன் தன் சொந்தக் குரலில் பேசினான். பயத்தில் கீச்சென்று இருந்தது.

"கொஞ்ச நேரம் ஊறட்டும், ஓரமா இரும்பைப் புடிச்சிக்கினுதான் நிக்கிறான்," என்றாள் மெஹர்னிசா, செல்போன் வெளிச்சத்தைக் குழிக்குள் காட்டி. "வா, ரூமைத் தேடு."

ஷெட்டின் பின்பக்கம் பழைய ஸ்டோர் ரூம். கதவை உடைத்தார்கள். தரையிலிருந்து கூரைவரை முட்டை அட்டை. உள்ளே காலை வைத்ததும் ஸ்டீபனுக்குக் காது அடைத்துக்கொண்டது. தான் மூச்சு விடுவதுகூட வேறு யாரோ விடுவதுபோல் இருந்தது. மூலையில் கை கால் கட்டி, வாயில் துணி அடைத்து, சுருண்டு கிடந்தான் சின்னதுரை. பக்கத்தில் ஒரு தலையணை புதிதாக இருந்தது. அது தூங்குவதற்கு வாங்கிய தலையணை இல்லை, முகத்தில் வைத்து அழுத்த வாங்கியது என்று ஸ்டீபனுக்குப் புரிந்தது.

துணியை எடுத்து, கட்டுகளை அவிழ்த்தார்கள். உயிர் இருந்தது. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்ததும் இருமி இருமிக் குடித்தான்.

ஜீப் சத்தம் கேட்டது. எஸ்.ஐ. தாவீதுக்கு முன்னால் மேரி ஓடிவந்தாள். தலைவிரி கோலமாக வந்து புருஷனைக் கட்டிக்கொண்டு, அவன் முகம், கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்தாள். சின்னதுரை அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷத்தை விட வேறு என்னவோ அந்தப் பார்வையில் இருந்தது.

"மேரி," என்றான். குரல் கரகரத்தது. "அவனுக்கு நான் தப்புத் தப்பாத்தான் கத்துக்குடுத்தேன். வேணும்னே. ஊருக்குத் தெரியாட்டியும் உனக்குத் தெரிஞ்சிடும்னு. யார்றா நீ, என் புருஷன் எங்கடான்னு கேப்ப, போலீசுல போய் இது அவரு இல்லன்னு சொல்லுவன்னு தெனமும் காத்துக்கினு கெடந்தேன். இன்னிக்கு இங்க என் எதுருக்க உக்காந்து ஸ்பீக்கர்லதான் போன் போட்டான். நீங்கதாங்கன்னு நீ சொன்னத நானும் கேட்டேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "உனக்குக்கூடவா மேரி தெரியல?"

மேரியின் கை நின்றுவிட்டது. தாவீது வாசலிலேயே நின்றார். வெளிச் சத்தம் எதுவும் நுழையாத அந்த அறையில் அவள் அழவில்லை என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

"தெரிஞ்சிதுங்க," என்றாள். "மொத நாளே தெரிஞ்சிது."

ஸ்டீபன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க இல்லன்னு வாயால சொல்லிட்டா, அப்போ நீங்க எங்கன்னு நானே என்னக் கேக்கணுமே. செத்துப் பூட்டீங்களோன்னு நெனைக்கணுமே. அந்தப் பயத்துல போலீசாண்டகூட சொல்லல. தெனமும் ஒரு போன் வந்துக்கினு இருந்தா போதும், பொய்யா இருந்தாலும் போதும்னு இருந்துச்சு. இன்னிக்கு அது யாருன்னு கேட்டுச்சு. இல்லன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலீங்க."

சின்னதுரை கயிறு கட்டின தழும்போடு இருந்த கையை மெல்ல எடுத்து அவள் வாயைப் பொத்தினான். "இப்ப பேசுறது நான்தான் மேரி," என்றான்.